மிளகாய் விழுந்தது, மெசின் ஓடியது

தையற்காரிக்குத் தெரியாமல் ஊரில் ஒருவராலும் ஏழையாக முடியாது.

கையில் காசில்லாத நாளிலும் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கலாம். வந்த விருந்தாளிக்குப் பக்கத்து வீட்டில் கோழி கேட்டு வாங்கிக் கறி வைக்கலாம். ஆனால் முழங்கையில் கிழிந்த சட்டையை என்னிடம் கொண்டு வந்துதான் ஆகவேண்டும். கிளிநொச்சிக்குக் கிட்ட, கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில், சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், தென்னங்கிடுகால் வேய்ந்த ஓர் அறைதான் என் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள் நாங்கள். வெளிநாட்டு மிளகாயை நாட்டுக்குள் விடாமல் தடுத்திருந்த காலத்தில் எங்கள் செத்தல் மிளகாய்க்கு இருந்த மரியாதை புது மாப்பிள்ளைக்குக்கூட இருக்கவில்லை. அந்தக் காசில் ஊரே என்னிடம் உடுப்புத் தைத்தது. எழுபத்தேழில் ஆட்சிக்கு வந்தவர்கள், நல்ல காலம் பிறக்கும் என்று இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். கப்பலில் மிளகாய் வந்தது. கூடவே தைத்து மடித்த சட்டைகளும் வந்தன. மிளகாய் என் கணவரை விழுத்தியது, சட்டை என்னை விழுத்தியது.

அவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, என் தையல் மெசினை விற்று அடுத்த போகத்துக்கு மிளகாய் நடுவோம் என்றார். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரிந்துபோகும். "தைப்பொங்கல் வரைக்கும் பொறுங்கோ. அதுக்குள்ளை இந்த மெசின் எங்கடை உலைக்கு அரிசி போடாட்டி, நானே தலையிலை தூக்கிக்கொண்டு போய் வித்துப்போட்டு வாறன்" என்றேன். மறுநாள் காலையில் கடைப் பலகையை இறக்கி, 'புதிய உடுப்புகள் தைக்கப்படும்' என்பதை அழித்து, 'பழைய உடுப்புகள் திருத்தப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டேன். உங்களில் பலரும் அந்தக் காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருப்பீர்கள். என் கடை வாசலில் நான் கண்டதில் கொஞ்சம் இங்கே.

கத்தரிக்காய்க்கு அடியில்

முதலில் வந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பையின் மேலே கத்தரிக்காய், அடியில் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைச் சேட். கழுத்தில் மடிகிற இடத்தில் கொலர் நைந்து நூல் நூலாக நின்றது. கொலரைக் கழற்றி, உள்ளே இருந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தால் அந்தச் சேட் இன்னும் ஒரு வருடம் ஓடும். முன்பெல்லாம் இந்த வேலையைத் தெரிந்தவர்களுக்குச் சும்மா செய்து கொடுப்பேன். அன்று விலை சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "பிள்ளை, ஆருக்கும் மூச்சு விடாதையும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். கத்தரிக்காயை மறந்துவிட்டார், பின்னேரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாள் தமிழ் வாத்தியார் வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த நாள் இன்னொருவர், இருட்டட்டும் என்று தேத்தண்ணிக் கடையில் காத்திருந்து வந்தார். எல்லோருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வெட்கம். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாகத் தலைமை வாத்தியார் வந்தார். அவர் எதையும் மறைக்காமல் சேட்டை என் மேசைமேல் விரித்துப் போட்டார். உங்களுடைய ஆட்கள் வேறு யாரும் வரவில்லை என்று, அவர் கேட்காமலே நான் சொன்னபோது சிரித்துவிட்டார். "காலமைக் கூட்டத்திலை நான் எல்லாற்றை கழுத்தையும்தான் பாக்கிறனான், பிள்ளை. இனி ஆரும் புதுச் சேட்டோடை வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்."

மாச் சாக்கு

எங்கள் வாய்க்காலுக்கு அப்பால் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் குடியிருந்தன. இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை விட்டு, உடுத்த துணியோடு வந்தவர்கள். மிளகாய்ப் பழம் ஆய்வதற்கு அவர்களைத்தான் கூலிக்குக் கூப்பிடுவோம். அவர்களைப் பற்றி எனக்கு அப்போது ஓர் இளக்காரம் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர்களில் ஒருத்தி, காளியம்மா, கோதுமை மா வந்த துணிச் சாக்குகள் மூன்றைத் தோய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைக்க வேண்டுமாம். எவ்வளவு தோய்த்தும் சாக்கில் அடித்திருந்த எழுத்துப் போகவில்லை. உள்பக்கமாகத் திருப்பித் தைக்கட்டுமா என்று கேட்டேன். "எழுத்து வெளிய தெரிஞ்சா என்னாங்க அக்கா, அங்க மேயுற மாடு படிக்கவா போவுது?" என்றாள். தைத்து முடித்ததும் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் கூலியைக் கையோடு தந்தாள். எனக்கு விளங்கவில்லை. ஐந்து ஏக்கர் காணி உள்ளவர்கள் என்னிடம் நாளைக்கு, நாளன்றைக்கு என்று தவணை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணியே இல்லாத இவளிடம் எப்படிக் கைக்காசு?

கேட்டேன். வருகிற கூலியை வந்த அன்றே வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துத் தனித்தனியாக முடிந்து வைப்பாளாம். உலையில் போட அளந்த அரிசியிலும் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாளாம். அன்று இரவே நானும் ஒரு பழைய பானையைக் கழுவி வைத்தேன். என்னை அப்படிச் செய்ய வைத்தது போகும்போது அவள் சொன்னதுதான். "தோட்டத்துல மாசச் சம்பளத்துல பொழச்சவங்களுக்கு முப்பது நாளும் தெரியுங்க அக்கா. ஒங்க பக்கத்து ஆளுங்களுக்கு அறுப்பு நாள் ஒண்ணு மட்டுந்தாங்க தெரியுது."

நெஞ்சுவலி

மிளகாய் நல்ல விலைக்குப் போன காலத்தில் எங்கள் வாய்க்கால் வரிசைக்குத் தம்பிப்பிள்ளையண்ணைதான் ராசா. எவர் வந்து கை நீட்டினாலும் சேட்டின் இடப்பக்கப் பொக்கற்றில் கைவிட்டு, வந்ததைப் பார்க்காமலே கொடுப்பார். அவருடைய நல்ல நீலச் சேட் வெயிலில் வெளிறிப் போயிருந்தது. உள்பக்கம் மட்டும் கடையில் வாங்கிய நீலமாகவே இருந்தது. முழுச் சேட்டையும் பிரித்துப் புறம் மாற்றித் தைத்துத் தரச் சொன்னார். மூன்று நாள் வேலை. பெருமையோடு செய்து முடித்தேன்.

அந்தப் பெருமையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். புறம் மாற்றினால் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். பழைய பொக்கற் இருந்த இடத்தில் ஊசித் துவாரங்கள் வரிசையாகத் தெரிந்ததால், அதை மறைக்க அதன்மேலேயே பொக்கற்றை வைத்துத் தைத்திருந்தேன். ஆகவே அது வலப்பக்கம் போய்விட்டது. மனிதர் அதைப் போட்டுக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். திருவிழாவுக்கு யார் எவ்வளவு தருவது என்ற பேச்சு வந்ததும் வழக்கம்போல எழுந்து இடது நெஞ்சைத் தட்டியிருக்கிறார். வெறும் நெஞ்சு. திகைத்துப்போய் இன்னொரு தரம் தட்டியிருக்கிறார். அவருக்கு நெஞ்சுவலி என்று கூட்டமே எழும்பிவிட்டதாம். இரண்டு பேர் பிடித்துப் படுக்க வைக்க, ஒருவர் தண்ணீருக்கு ஓடினாராம்.

மறுநாள் அவர் கடைக்குள் நுழைந்தபோது, ஏச்சு வாங்கிக்கொள்ள நானும் தயாராக எழுந்து நின்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக உட்கார்ந்தார். "நீர் பிழை ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. தட்டின இடத்திலை பொக்கற் இருந்திருந்தால், இல்லாத காசை அண்டைக்கும் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருப்பன்."

பக்கத்துக் கடை

எங்கள் வீட்டுச் சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும். சீனி நின்றது, ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் வைத்து இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். றேடியோ பற்றரிகளை வெயிலில் காயவைத்துச் செய்திக்கு மட்டும் திருப்பினோம். சந்தைக்குப் போனால் வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போய், அதை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றக் கடைகளைப் பார்க்காமல் திரும்பினேன். கிளிநொச்சிக்குப் படம் பார்க்கப் போவது அடியோடு நின்றது. அதற்கு மட்டும் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்கும் நாலு மணிக்கும் பக்கத்துக் கடையில் தேத்தண்ணியும் வடையும் எடுப்பது என் நெடுநாள் பழக்கம். அதையும் விட்டேன். ஒரு போத்தலில் வீட்டிலிருந்தே தேத்தண்ணி கொண்டு வந்து, ஒரு பாவமும் அறியாதவள்போலக் குடித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் கடைக்கார அண்ணை தட்டியின் மேலால் எட்டிப் பார்த்தார். ஆட்கள் இருந்து குடிக்கிற அவருடைய வாங்குப் பலகையில் ஓர் ஈயும் இல்லை. "எல்லாரும் இப்பிடிச் சிக்கனம் பிடிச்சால், தங்கச்சி, நான் ஆரிட்டை வாங்காமல் விட்டுச் சிக்கனம் பிடிக்கிறது?"

மஞ்சள்

புதுத் துணி உடுத்துமுன் அதன் ஓரத்தில் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம். தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அடுத்த வாய்க்காலில் இருந்த புவனம் ஒரு ரோசாப்பூ நிறச் சேலையோடு வந்தாள். அவளிடம் இருந்த நல்ல சேலை அது ஒன்றுதான். அதை வெட்டி மூன்று பெண் பிள்ளைகளுக்கும் சட்டை தைக்க வேண்டும். கடையில் எடுத்த துணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். "மஞ்சளையும் நீங்களே பூசி விடுங்கோ அக்கா. பொய்க்குப் பூச எனக்குக் கை வராது" என்றாள். கத்தரிக்கோலை வைக்க எனக்கும் மனம் வரவில்லை. வைத்தேன். வெட்டாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தீபாவளிக்கு ஒன்றுமில்லை.

சட்டைகளை வாங்க மூத்தவள் வந்தாள், பதினொரு வயது இருக்கும். தன்னுடையதை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைத்திருந்த சேலையின் வாசம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் குனிந்து கீழே விழாத ஊசியைத் தேடினேன். அவள் சட்டையை மடித்து என் பக்கம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வடிவாப் பூசுங்கோ மாமி. எனக்குத் தெரியும், ஆனால் தங்கச்சியவை நம்ப வேணும்."

ஏழு பேர்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு லொறி வந்து கடை வாசலில் நின்றது. பட்டணத்து முதலாளி ஒருவர் இறங்கினார். காசுக்கு அந்தரப்படுகிற வீடுகளில் மெசினும் றேடியோவும் அரை விலைக்கு வாங்குவதுதான் அவருடைய யாவாரம். என் கணவர் இரண்டு மாதத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றைக்குக் கடைக்குள் வாங்கு நிறைய ஆட்கள். பொங்கலுக்குப் புதுசு எடுக்க வழியில்லாமல், பழசையாவது ஒழுங்காக உடுத்துவோம் என்று வந்தவர்கள். நான் எழும்பவில்லை. முதலாளி வந்து, தைத்துக்கொண்டிருந்த மெசினில், ஊசிக்குக் கிட்டக் கை வைத்தார். "கையை எடுங்கோ, ஊசி ஏறும்" என்றேன். எடுத்துவிட்டார்.

என் கணவர் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது லேசான காரியமல்ல. மிளகாய் நடாவிட்டால் ஊரில் தன்னை ஒரு கமக்காரன் என்று யார் மதிப்பார்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ஆனால் கார்த்திகையிலிருந்து எங்கள் வீட்டு அரிசியை இந்த மெசின்தான் வாங்கியது. அதை அவரும் சாப்பிட்டார். முதல் நாள் யாரிடமோ இரண்டு கொத்துப் பயறு விதை வாங்கி வந்திருந்தார். சந்தையில் விலை விழுந்தாலும் அவித்துச் சாப்பிடக்கூடிய பயிர்.

முதலாளி வெளியே பார்த்து, ஏற்றுவமா என்று கேட்டார். என் கணவர் வேலியை விட்டார். சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து இடுப்பில் கட்டுகிற கிழிந்த சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், வாங்கின் கடைசியில் இருந்தவருக்குப் பின்னால் போய் நின்றார். காலையிலிருந்து மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. அவர் முதலாளிக்குச் சொன்னது இதுதான்: "எனக்கு முன்னாலை ஏழு பேர் இருக்கினம், முதலாளி. என்ரை சாரமும் தைச்சு முடியட்டும், விலையைப் பிறகு கதைப்பம்."

இன்றைக்கும் யாராவது அதே மெசினுக்கு முன்னால் வந்து நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று சொன்னால், நான் அவர்களோடு சந்தோசப்பட்டுவிட்டு, ஊசியும் நூலும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன்.