யார்டுக்குள் இன்னும் ஒரு ஆள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது என் கண்ணெதிரே நடந்தது.

துணை மின்நிலையத்தில் நான் ஆபரேட்டர். லைனில் மின்னல் இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு நொடியில் காலி. அதைக் காப்பாற்றத்தான் அரெஸ்டர். வருகிற அடியைத் தான் வாங்கி, எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் தள்ளிவிடும். கம்பி மாட்டவில்லை என்றால் அதுவே வெடிகுண்டு.

போன வருடம் அப்படித்தான் வெடித்தது. பக்கத்தில் நின்ற ஹெல்ப்பர் செத்துப்போனான். நெட்டை என்போம் அவனை. "குடிச்சிட்டுக் கிட்டப் போயிட்டான்" என்று கதையை முடித்தார் சூப்பர்வைசர். சொட்டுக்கூடத் தொடாதவன் அவன். அவன் பெண்டாட்டி முன்னாலேயே அதைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதே இடத்தில் புது அரெஸ்டர் நிறுத்திய நாள். மாலை 6.10. வானத்தில் ஒரு மேகம் இல்லை. லைன் ஆஃப்.

கரண்ட் விடுவதற்கு முன், கருவிகள் நிற்கும் யார்டைப் பார்த்துக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. வேலை பார்த்த இருவரும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

"வேற யாராச்சும் உள்ள இருக்கீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் இருக்கேண்ணே."

அரெஸ்டர் பக்கமிருந்து...

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"யாருய்யா அது? வெளிய வா."

"எர்த் மாட்டியாச்சாண்ணே?"

சூப்பர்வைசர் முகம் வெளுத்தது. "எவன்டா விளையாடுறது?" டார்ச்சோடு உள்ளே போனார்.

"வேணாம் சார்" என்றேன். அவர் கேட்கவில்லை.

அரெஸ்டர் அடி வாங்கும்போது மட்டும் அதன் கவுண்டரில் ஒரு எண் நகரும். செத்த லைனில் அது நகரவே முடியாது.

டிக்.

டார்ச் வெளிச்சம் நின்றது.

டிக்... டிக்...

"நீ குடிக்கலைடா... கம்பி மாட்டாம விட்டது நான்தான்டா..."

சூப்பர்வைசர் குரல்தான். மூவருக்கும் கேட்டது.

டமார்.

உள்ளே ஓடினோம். கழுத்தெல்லாம் ரத்தம். உயிர் இல்லை. லைன் ஆஃபில்தான் இருந்தது. புது அரெஸ்டரில் ஒரு கீறல்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பரிதாபம் வரவில்லை.

மறுநாள் டாக்டர் அவர் கழுத்திலிருந்து சில்லுகளை எடுத்தார். பழுப்புப் பீங்கான்.

புது அரெஸ்டரில் பீங்கானே கிடையாது. அதன் உறை முழுக்க ரப்பர்.

பீங்கான் இருந்தது, நெட்டையைக் கொன்ற அந்தப் பழையதில்.