முன்பல் இரண்டு

"பல்லு போன பொண்ணு பாடம் நடத்தினா, பசங்க பாடத்தையா பாக்கும்? வாயைத்தான் பாக்கும்" என்றாள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் அவள்தான் தொடங்கி வைப்பாள்.

பல் போனது கரும்பில். பாகூரை ஒட்டிய எங்கள் கொல்லையில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு கழியை எடுத்துத் தோல் உரிக்கக் கணுவிலேயே பல்லை வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட அப்படிச் செய்யாது. பள்ளிக்கூடம் போய்வந்த வருஷங்களில் எனக்கு அது மறந்து போயிருந்தது. மேல்வரிசையில் ஒரு முன்பல் ஒடிந்து விழுந்தது. பக்கத்துப் பல் பாதியாக நின்றது. ரத்தம் நின்றதும் அப்பா, "வெளியில சொல்லாதடி, நம்ம கரும்புக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவர் யாரும் இல்லை. நான் தமிழும் பிரெஞ்சும் படித்துப் பரீட்சையில் தேறியவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியை வேண்டியிருந்தது. தலைமையாசிரியை முன்னால் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை. எனக்கோ வாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய் நிற்க மனம் வரவில்லை. பல் கட்டிக்கொண்டுதான் போவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அப்பா வண்டி கட்டிப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். பல் மருத்துவர் மிச்சமிருந்த துண்டுகளைப் பிடுங்கினார். புண் ஆறிய பிறகு மறுபடி போனோம். அச்செடுக்க, குழைத்த வெள்ளைச் சாந்தை ஒரு தட்டில் நிரப்பி என் மேலண்ணத்தில் அழுத்தி, அது இறுகும்வரை மூக்கால் மூச்சு விடச் சொன்னார்.

"தங்கத்துல வெச்சிடுங்க டாக்டர். செலவு பண்ணது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார் அப்பா.

"பொண்ணு இன்னா சொல்லுது?"

சாந்துத் துணுக்குகளைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: என் பல் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அரிசி நுழையும் சந்து இருந்தது, அதுவும் வேண்டும்.

அப்பா திகைத்துப் போனார். "புதுசா வெக்கும்போதே சந்து வுட்டு வெக்கணுமா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் பல்லோடு ஒட்டிப் பார்த்தார். பால்போல வெளுத்தவற்றை ஒதுக்கிவிட்டு லேசாக மஞ்சளோடிய ஒன்றை எடுத்தார். "பக்கத்துப் பல்லு இதைச் சொந்தக்காரன்னு நம்பணும்மா" என்றார்.

அடுத்த முறை, புதுப் பல் இரண்டும் பதித்த தகட்டை அண்ணத்தில் மாட்டிக்கொண்டு வீடு வந்தேன். அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "யார் பல்லுடி அது? செத்தவங்க வாயிலேருந்து எடுத்ததா? தலை முழுகாம அடுப்பங்கரைக்கு வராத."

"அது பீங்கான்மா."

"பீங்கான்னா? நம்ம ஊறுகாய் ஜாடி மாதிரியா?"

"அதே சரக்குதான்."

கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "ஜாடின்னா சரி, உள்ள வா" என்றாள். தகட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க ஒரு கிண்ணத்தையும் அவளே ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஆனால் பேச்சு சரியாக வரவில்லை. அண்ணத்தில் ஒரு பலகையை ஒட்டினதுபோல இருந்தது. எச்சில் ஊறியது, நாக்கு இடறியது. மாலையில் கரும்புக் கொல்லை வரப்பில் நின்று புத்தகத்தை உரக்க வாசித்தேன். தழை சீவ வந்த பெண்கள், "யாரைடி திட்டற?" என்று கேட்டுப் போவார்கள். கடைசியில் நாக்கு தானாகவே வழி கண்டுகொண்டது.

வாசித்துக் காட்டும் நாளில் முதல் பத்தி நன்றாகவே போனது. இரண்டாவதில் ஒரு நீளமான பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவே தகடு நழுவி நாக்கில் விழுந்தது. தலைமையாசிரியை பார்த்துவிட்டார். "பரவாயில்லை, இன்னொரு நாள் வாயேன்" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். தகட்டை எடுத்து, சரிபார்த்து, கட்டைவிரலால் அழுத்தி மாட்டினேன். பிறகு அவரை நேராகப் பார்த்து, "முதலிலிருந்து வாசிக்கிறேன், மதாம்" என்றேன். அவர் தலையசைத்தார். முடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

அவர் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, வேலை உனக்குத்தான், பொங்கல் கழித்து வந்தால் போதும், அதுவரை யோசித்துக்கொள் என்றார்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே சின்ன வகுப்பின் கரும்பலகையைத் துடைத்து, முதல் பாடத்தை எழுதிவிட்டு, கதவைத் திறந்துவைத்துப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டேன்.