காதுக்குள் ஒரு பட்டுச் சாரம்

உயரமான கட்டடங்களில் ஆட்கள் ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்டுவது அவர் தொழில். யார் எதைச் சொன்னாலும் "இன்னொருதரம் சொல்லு" என்று கேட்பதால் ‘இன்னொருதரம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சின்ன வயதில் சீழ் வடிந்து இடது செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் மேல்தளத்திலிருந்து, கூட வேலை செய்யும் மனைவியின் தம்பி, "மாமா, தள்ளுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வேலை இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை. இரும்புக் குழாய் ஒன்று தோளை உரசிக்கொண்டு கீழே போனது. மறுநாளே மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காது டாக்டரம்மா சின்னக் கண்ணாடித் தட்டை நீட்டினார். உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஏதோ ஒன்று. மூச்சுக்காற்றுக்கே நடுங்கியது.

"பட்டுப்புழுக் கூட்டுல இருந்து புரதத்தை மட்டும் எடுத்து, முடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிசா இழுத்த இழை. நானோ இழைன்னு சொல்வோம். இன்னும் சோதனையிலதான் இருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா வைக்கலாம்."

"பட்டா!" என்றாள் மனைவி. "எனக்கு ஒரு பட்டுக் கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்ல. இவர் காதுக்குப் பட்டு கேக்குதா?"

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது ஓட்டையை அடைச்சிடுமாம்மா?"

"அடைக்கப்போறது உங்க தோல்தான். அந்தரத்துல அதால வளர முடியாது. இந்த இழையைப் பிடிச்சுக்கிட்டு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்குப் போயிடும்."

"அப்ப இது சாரம்."

"சாரமேதான்."

"வேலை முடிஞ்சா யார் பிரிப்பாங்க?"

"யாரும் வேண்டாம். உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும்."

அவர் தட்டை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். கட்டுவதைவிடப் பிரிப்பதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. கூட்டாளி ஒருவர் மேலிருந்து விழுந்ததுகூடப் பிரிக்கும்போதுதான். தானாகவே இல்லாமல் போகிற சாரத்தை அவர் கனவிலும் கண்டதில்லை.

வைத்த பிறகு பல வாரம் காது பஞ்சு அடைத்தமாதிரியே இருந்தது. அவ்வளவுதான் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பிறகு ஒரு காலையில், சமையலறையிலிருந்து மனைவியின் முணுமுணுப்பு: "துண்டை எங்க வீசினாரோ இந்த மனுஷன்..."

"கட்டில்மேல கிடக்கு" என்றார்.

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். "கேட்டுச்சா? வாய்க்குள்ளதானே சொன்னேன்!"

"இனிமே பார்த்துத் திட்டு."

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா காதின் உட்புறத்தைத் திரையில் காட்டினார். முத்துநிறச் சவ்வு. குறுக்கே நூலிழைபோல ஒரு ரத்தக்குழாய்.

"பட்டு எங்கம்மா?"

"இல்லையே. இது முழுக்க நீங்கதான்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடுத்த நோயாளி கதவைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.