லியூபெனின் பேசாத பெட்டிகள்

லியூபெனுக்குக் கூர்மையான காது என்று எங்கள் கட்டிடத்தில் எல்லோரும் நம்பினார்கள். நம்ப வைத்தது அவன்தான். எங்கள் ரூசே நகரத்து ஆற்றுத் துறைமுகத்தில் காலமெல்லாம் லாரிகளை எடைபோட்டுக்கொண்டிருந்த மனிதன், ஓய்வுபெற்ற மறுமாதமே இசை ரசிகனாகிவிட்டான். பாட்டுக் கேட்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் கேட்டதெல்லாம் ஒலிபெருக்கியை. எந்தப் பாட்டையும் இரண்டாவது அடிக்கு மேல் ஓடவிட்டதில்லை.

அவனும் அவன் மனைவி ஸ்லாதினாவும் இரண்டாவது மாடி. நான் அவர்களுக்கு நேர் மேலே, தனிக்கட்டைப் பொம்பளை. அவர்கள் வரவேற்பறையில் இடுப்புயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் நின்றன. பாஸிவ் வகை. தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்கி, கட்டைவிரல் தடிமனில் கம்பி இழுத்து இணைத்தால்தான் வாயைத் திறக்கும். துணி உலர்த்தப் பால்கனிக்குப் போகும் ஸ்லாதினா, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவற்றின் நடுவே ஒருக்களித்துப் போவாள். பெட்டியை ஒரு சாண் நகர்த்தினால் ஓசை கெட்டுவிடுமாம்.

எனக்கும் வீட்டில் ஏதாவது பாடினால் தேவலை என்று தோன்றியபோது, புத்தியில்லாமல் அவனிடமே யோசனை கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பெட்டி பற்றிப் பேச்செடுத்ததும் முகம் சுளித்தான்.

"அது டப்பாவுல அடைச்ச சூப்பு, சோன்கா. சமைக்கத் தெரியாதவங்களுக்கு."

"எனக்கு டப்பா சூப்பே போதும் லியூபென். காலையில ரேடியோ, சாயங்காலம் கொஞ்சம் பாட்டு. அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்கு ஒலிபெருக்கி? ஜன்னலைத் திறந்து வைங்க. தெருவுல யாராவது பாடுவாங்க."

அப்புறம் ஒன்றரை மணி நேரம் தாளில் கோடு கோடாக வரைந்து விளக்கினான். நான் சுட்டு வைத்திருந்த பாலாடைக்கட்டிப் பனிட்சாவில் நாலு துண்டைத் தின்றான். மறுநாள் கடைக்குப் போய் ஆக்டிவ் ஜோடி ஒன்று வாங்கிவந்து, சுவர் பிளக்கில் செருகி, பத்து நிமிஷத்தில் பாட வைத்தேன். பார்க்க வந்தவன் நகத்தால் தட்டி, "பிளாஸ்டிக்" என்றான். மரம்தான் அது. காதுக்கு அதுகூடத் தெரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் தன் ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டான். அந்தப் பெட்டிகளின் தகுதிக்கு அது காணாதாம். வேறொன்றைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினான். மாதங்கள் போயின. தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை தோறும் அவனைப் போலவே மூன்று பேர் வருவார்கள். ஸ்லாதினாவின் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒருநாள் என் கண்ணாலேயே பார்த்தேன். வளர்ந்த ஆண்கள் நாலு பேர், கையில் ரக்கியாச் சாராயக் கோப்பையோடு, ஓசையே வராத இரண்டு மரப்பெட்டிகளுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடித்தொனி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கக்கூடும் என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஸ்லாதினா எங்கள் வட்டார வாசகசாலைப் பாடகர் குழுவில் இருந்தாள். பத்தொன்பது வருஷமாகப் பின்வரிசை. அந்த வசந்தத்தில் வானொலிக்காரர்கள் வந்து குழுவைப் பதிவு செய்தபோது, முதல்முறையாக ஒரு பாட்டில் தனிக்குரல் அவளுக்குக் கிடைத்தது. ஒலிபரப்பு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. சிநேகிதர்களிடம் ஒரு ஆம்ப்ளிஃபையரை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கச் சொல்லி அவனைக் கேட்டாள்.

"ரேடியோவையா? இந்தப் பெட்டியில ரேடியோ போடறது பெட்டிக்கே அவமானம்," என்றானாம்.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். குழுவிலிருந்து பென்காவும் வந்தாள். காப்பி போட்டு உட்கார்ந்தோம். பாட்டு பாதியில் இருக்கும்போது லியூபென் ஸ்லாதினாவிடம் இருந்த நிலவறைச் சாவியைத் தேடிக்கொண்டு வந்தான். கதவருகே நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் முகத்தில் ஒரு திருப்தி.

"இதைத்தான் நான் சொன்னேன். அந்தப் பொம்பளைக் குரல் மூக்கால வருது பாருங்க. ஆக்டிவ் பெட்டி அப்படித்தான், நடுக்குரலைப் போட்டு நசுக்கிடும்."

பென்கா தன் கோப்பையையே பார்த்தாள்.

"அது நான், லியூபென்," என்றாள் ஸ்லாதினா.

"எது?"

"மூக்கால வருதே, அது."

"பெட்டி கெடுத்திருக்குன்னுதானே சொல்றேன். உன்னையா சொன்னேன்?"

"முப்பத்தோரு வருஷமா பாத்திரம் தேய்க்கறப்ப பாடிட்டிருக்கேன். அப்ப எந்தப் பெட்டி கெடுத்துது?"

அவன் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். ஸ்லாதினா அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஓசையைக் கூட்டச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை என்னுடையதைப் போலவே ஒரு ஜோடி வாங்கிச் சமையலறை அலமாரி மேல் வைத்தாள். அவன் குதித்தான். "வரவேற்பறை உனக்கு, சமையலறை எனக்கு. பசிச்சா கதவைத் தட்டு," என்றாள். அன்றிலிருந்து அவன் அரிசி அடைத்த குடைமிளகாயைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய், அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தின்கிறான். தரைவழியே எனக்குக் கேட்பதெல்லாம் ஸ்லாதினாவின் சமையலறைதான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஜனவரியில் என் பெட்டிகளில் ஒன்று ஊமையாகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் மாடியேறி வந்துவிட்டான்.

"உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபையர் போச்சுன்னா பெட்டியே முடங்கிடும்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தான். அது உண்மையும்கூட. பழுதுபார்க்கும் கடையில் மூன்று வாரம் கிடந்தது. அந்த மூன்று வாரமும் அவன் முகம் தெளிந்து, படியில் பார்க்கும்போதெல்லாம் பெட்டியின் உடல்நலம் விசாரித்தான்.

"உங்களோடது எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுல கெட்டுப்போக ஒண்ணுமே இல்ல," என்றான் பெருமையாக.

நான் ஒற்றைப் பெட்டியில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காதுக்குக் கேட்டாலும் பாட்டு பாட்டுதான்.

சனிக்கிழமைக்காரர்களில் ஒருவன் இப்போது வருவதில்லை. அவன் இரகசியமாக ஆக்டிவ் வாங்கிவிட்டதாகப் பென்கா சொல்கிறாள். லியூபென் இன்னும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு நடுவே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் வரை மூன்றாக இருந்ததாம்.

ஈஸ்டருக்கு வாசகசாலை அரங்கில் ஸ்லாதினா மறுபடி தனியாகப் பாடினாள். அவன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஒருமுறையாவது மேடையைப் பார்ப்பான் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மேடை ஓரத்து ஒலிபெருக்கியிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் கைதட்டியபோது அரங்கக் காவலாளியிடம் போய் அது எந்தக் கம்பெனி என்று விசாரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பெண்கள் எல்லாம் ஸ்லாதினாவோடு ஆற்றங்கரை வழியாகச் சிரித்துக்கொண்டே நடந்தோம். அவன் டிராலி பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.