அண்ணாச்சி வெட்டி வைத்த பெயர்

வகுப்பில் இருந்தபோது பியூன் வந்து சொன்னார்: “சாரே, சாலைக் கடைத்தெருவுல பத்திரிகை நடத்துற அண்ணாச்சி காலையில தவறிட்டாராம்.” ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி போய்விட்டார். அவரை அறிந்த உங்களிடம் எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது, இனி யாரும் என் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் பத்திரிகைமேல் மலைத் தோட்ட முதலாளி போட்ட மானநஷ்டக் கேஸ் உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரி எப்போதும் பூட்டிக் கிடக்கிறது, காய்ச்சலோடு தொழிலாளிகள் மலையடிவாரத்து வித்துரா வரை இறங்கி நடக்கிறார்கள் என்று பெயர் போடாமல் வந்த கட்டுரைமேல்தான் அந்தக் கேஸ். எழுதியவன் நான். அண்ணாச்சி ஒருவருக்குத்தான் அது தெரியும்.

அவரிடம் கட்டுரை கொடுத்தவர்களுக்கு அந்தக் கத்திரிக்கோல் நினைவிருக்கும். தாளின் அடியில் பெயர் இருக்கும் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டுதான் அச்சுக்கோக்கக் கொடுப்பார். அதற்கு முன் ஒரு விசாரணை உண்டு. “நீர் பாத்ததா, கேட்டதா?” என்பார். அந்தக் கட்டுரையைக் கொடுத்த அன்றும் கேட்டார்.

“பாத்ததுதான் அண்ணாச்சி.”

“எத்தன நாளு?”

“ரெண்டு நாள்.”

“பொறவு ‘எப்போதும்’னு எப்படிவே எழுதினீரு?”

“அத எடுத்தா சப்புன்னு ஆயிரும் அண்ணாச்சி. தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.”

அந்தச் சொல்லை அடிக்க எடுத்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். என் பிடிவாதத்துக்கு அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

வஞ்சியூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. எல்லா நாளும் பூட்டியிருந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். லயத்துக்காரர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்கு வேலை போகும். அவர்களை இழுக்கக் கூடாது என்று அண்ணாச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். “பாத்து எழுதின ஆளச் சாட்சியாக் காட்டிட்டா நமக்குக் கேஸ் ஜெயிக்கக் கொஞ்சம் எளுப்பமாகும், கேட்டோ” என்றார் நம் மலையாளி வக்கீல். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சர்க்கார் பள்ளி உத்தியோகம், வீட்டில் இரண்டு பெண்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. “அச்சுப் போட்டது நான். கேக்குறத என்கிட்டக் கேளுங்க” என்றார்.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. வாய்தாவுக்கு வாய்தா அவர் இளைத்தார். அதைவிட அவரை வாட்டியது தபால். கட்டுக்கட்டாக வந்த வாசகர் கடிதங்கள் அடியோடு நின்றுபோயின. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதக்கூட ஆளில்லை. “தோத்தா ஜெயில்தானவே, இருந்துட்டு வரலாம். ஊரே வாய மூடிக்கிட்டு இருக்கே, அதுக்கு என்ன செய்ய?” என்று ஒருநாள் கேட்டார். முதலில் வாயை மூடியவன் நானல்லவா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி மீனாட்சி அக்கா என்னிடம் ஒரு கவரைத் தந்தார். “ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாவ. எரிச்சாலும் சரி, வச்சிருந்தாலும் சரின்னாவ.” உள்ளே என் பெயர் இருந்த துண்டு. பக்கத்தில் ‘ரெண்டு நாள்’ என்று பென்சிலில் குறித்திருந்தார்.

வக்கீலிடம் போய் உண்மையைச் சொன்னேன். அண்ணாச்சியோடு அந்தக் கேஸ் முடிந்தது, பேசாமல் இருந்தால் உமக்கு ஒன்றும் வராது என்றார். பேசினால் புதுக் கேஸ் வரலாம், வேலையும் போகலாம். இந்த இதழை அக்காதான் கொண்டுவருகிறார். இதை என் பெயரோடு போடலாமா என்று கேட்டேன். “போடுங்க” என்றார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தத் துண்டுத் தாளும், அவர் கேட்ட கேள்வியும். அதற்கு இப்போது சரியாகப் பதில் சொல்கிறேன். நான் போன இரண்டு நாளும் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். ‘எப்போதும்’ என்று எழுதியது என் தவறு.

அக்காவுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தாளின் அடியை வெட்ட வேண்டாம்.

சு. பரமசிவன்,
பள்ளி ஆசிரியர், திருவனந்தபுரம்