நான் தேடிய வரி புத்தகத்தில் இல்லை

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில்...

அதற்கு முன் ஒன்று. "கெழவன் பயந்துபோய் வழிவிட்டுட்டான்" என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் வெள்ளைக்காரத் துரைக்கே பயந்ததில்லை!

அதனால்தான் நடந்ததை எழுதித் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கீழே பென்சிலில் பதில் எழுதுகிறவர்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். (போன தடவை என்னைத் திட்டியது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.)

நம் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடுகிறவன் நான்.

கூரைத் தகரத்தை லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து தோளில் சுமந்து வந்தவனும் நான். (இதை ஒருவரும் சொல்வதில்லை.)

மூங்கில் வேலி கட்டி, கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அதற்கு வெளியேதான் நின்று கும்பிட வேண்டும் என்று வைத்தவனும் நானே.

ஊரில் தெருவுக்கும் சேரிக்கும் இருந்த தூரத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தோம். காலையில் பேர் கூப்பிடும்போது எல்லோரும் ஒரே பெரட்டில் நிற்கிறோம். ஒரே காட்டில் கித்தா மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறோம். சாமிக்கு முன்னால் மட்டும் வேலி.

அன்று கீழ் லயத்து மாரியாயி வேலியோரம் வந்து நின்றாள். அவள் புருஷன் சடையன் குளிர்சுரத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரியவில்லை.

"அய்யா, உள்ள வந்து வெளக்கு முன்னால ஒரு பதிகம் பாடறதா வேண்டிக்கிட்டேன்."

"பதிகமா? ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான். நீங்க பாடுறதக் கேட்டுக் கேட்டு வந்துருச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதெல்லாம் ஆகாது. போ!"

"நான் உள்ள வரக்கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல அய்யா எழுதியிருக்கு? படிச்சுக் காட்டுங்க. நான் போயிடறேன்."

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது.

"அடுத்த வெள்ளிக்குக் காட்டறேன். காட்டிட்டா நீ இந்தப் பக்கமே வரக்கூடாது!"

"சரிங்க அய்யா" என்று போய்விட்டாள்.

காட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். பதிகங்கள் மனப்பாடம் ஆனதும் புத்தகத்தைத் துணியில் முடிந்து பரணில் போட்டவன்தான். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. வாய் தானாகப் பாடும். கண் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வெட்டின பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியத்தில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன்.

இன்னாரை உள்ளே விடாதே என்று ஒரு வரி வேண்டும். ஒரே ஒரு வரி!

கிடைக்கவில்லை.

புத்தகத்தில் இரண்டு ஏடு கிழிந்துபோயிருந்தது. அதில்தான் இருக்கும் என்று ரயிலடிக்கு நடந்தேன். அங்கே மளிகைக் கடைக்காரரிடம் அதே புத்தகம் நல்லபடியாக இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, இருக்கற ஏட்டுல இல்லாததக் கிழிஞ்ச ஏட்டுல தேடறீங்களா?"

"நீர் புஸ்தகத்தக் குடும், வியாக்கியானம் வேணாம்."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அந்த இரண்டு ஏட்டையும் படித்தேன்.

அதிலும் இல்லை. இருந்தது வேறு.

பதிகத்தைப் பாடினவர் தன்னைத்தான் கடையன் என்கிறார். தன்னைத்தான் பொய்யன் என்கிறார். தன் குற்றத்தைச் சொல்லி, உள்ளே சேர்த்துக்கொள் என்று கெஞ்சுகிறார். அவர் வாசலுக்கு வெளியே நின்று பாடியிருக்கிறார். நான் உள்ளே நின்றுகொண்டு, அந்தப் பாட்டை வைத்தே மற்றவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

கடைக்காரர் கேட்டார்: "என்னாச்சு பெரியவரே, கண்ணு கலங்குது?"

"மொளகாய் மூட்டய இப்படிப் பக்கத்துல வச்சா?" என்றேன்.

(அவர் கடையில் அன்று மிளகாய் மூட்டையே இல்லை.)

வெள்ளிக்கிழமை மாரியாயி வந்தாள். கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன்: "தேடிப் பாத்தேன். புஸ்தகத்துல இல்ல. தப்பு என்னுது. உள்ள வா."

எங்களை வேலை வாங்குகிற கங்காணி குறுக்கே வந்து நின்றார்.

"அலமாக்! என்ன மாமா இது? புஸ்தகத்துல இல்லாதது எத்தனையோ செய்யறோம்லா. இது வழக்கம்."

"அந்த வழக்கத்த இங்க வச்சவன் நான். நானே எடுக்கறேன். ஒனக்குப் புடிக்கலன்னா வெளக்கேத்தவும் பாடவும் வேற ஆளப் பாரு."

வேற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்! வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே ஒதுங்கினார்.

வேலியின் மூங்கில் படலைத் திறந்துவிட்டேன். அவள் உள்ளே போனாள். நான் வெளியே போனேன். கீழ் லயத்து ஆட்களை இத்தனை காலம் நிறுத்திய இடத்தில் ஒரு பாட்டு நேரமாவது நிற்க வேண்டும் என்று பட்டது. பிராயச்சித்தம் என்று பெரிய வார்த்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அங்கிருந்து பார்த்தால் விளக்கு தெரியவில்லை. முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிந்தது.

மாரியாயி பாடினாள். நல்ல குரல், என் குரலைவிட. பாதியில் சடையன் நினைவு வந்ததோ என்னவோ, பாட்டை நிறுத்திவிட்டாள். அடுத்த அடி வரவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியிலிருந்தே அடியை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வந்து சொல்லுங்க, பெரியப்பா."

போனேன். மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாடி முடித்தோம்.

இதை ஒட்டும் வரையில் சடையன் கண் திறக்கவில்லை. அவளோடு நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

வருகிற வெள்ளிக்கும் படல் திறந்துதான் இருக்கும். வழக்கம் என்று மறிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?