சாக்கில் வந்த தம்பி

யட்டவத்தையில் எங்கள் வீட்டுக் குப்பைக்கு ஒரு காலத்தில் பெரிய மரியாதை இருந்தது. கொழும்பு நிறுவனமொன்று அனுப்பிய இளம்பெண் ஒருத்தி வெள்ளைச் சாக்கொன்றைத் தந்து, மாதாமாதம் நாங்கள் வாங்கும் சாமான்களின் வெற்றுப் பைகள், போத்தல்கள் எல்லாவற்றையும் அதில் போடச் சொன்னாள். எந்தச் சோப், எந்த பிஸ்கட் எவ்வளவு விலைப்படுகிறது என்று அப்படித்தான் அளப்பார்களாம். எல்லா வீட்டையும் பார்க்க முடியாததால் ஊருக்கெல்லாம் எங்கள் வீடு ஒன்றே கணக்காம். அடுத்த வீட்டுச் சாமான் கலந்தால் கணக்குக் கெட்டுவிடும், வீட்டையே மாற்றிவிடுவோம் என்றும் சொல்லிப் போனாள்.

ஊருக்கெல்லாம் நாங்கள்தான் என்பது உம்மாவின் தலைக்கேறிவிட்டது. முதல் மாதம் முடியும்போது பார்த்தால் சாக்கு பாதிகூட நிறையவில்லை. மூன்று பேருக்கு எவ்வளவுதான் செலவாகும்? எனக்குப் பின் வீட்டில் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே உம்மா குசினிக்குள் போய்விடுவார். யட்டவத்தையின் மானத்தைக் காப்பாற்ற, தன் தங்கச்சியான சாச்சி வீட்டு வெற்றுப் பைகளை அள்ளிவந்து சாக்கை நிரப்பினார்.

அந்தப் பெண் வந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டி எண்ணினாள். நடுவில் கை நின்றது. குழந்தைச் சோப்பின் உறையும் பேபி கொலோன் போத்தலும் கிடந்தன. சாச்சிக்குக் கைக்குழந்தை இருப்பதை உம்மா யோசிக்கவே இல்லை.

"வீட்டுல சின்னப் புள்ள இருக்குங்களா அக்கா?"

மாட்டிக்கொண்டோம் என்று உம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். உம்மா அந்தப் போத்தலைக் கையிலெடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எங்கட இல்ல. தங்கச்சி வீட்டுது. எங்களுக்கு இனித்தான் வரப்போகுது."

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த வாப்பா, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றார். தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சாச்சி வீட்டுச் சாமான்களைப் பொறுக்கி ஒதுக்கினாள். வீட்டை மாற்றவில்லை.

"வந்த பொறகு போடுங்க, எழுதிக்கிறேன்" என்றாள்.

தம்பி பிறந்ததும் அவனுடைய முதல் சோப்பின் உறையை நானே சாக்கில் போட்டேன். வெளியாளிடம் கொடுத்த வாக்குப் பிசகக் கூடாதென்றுதான் உம்மா அவனைப் பெற்றார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சொன்னால் இதுவும் தங்காமல் போய்விடுமோ என்று வாப்பாவிடம்கூட மறைத்துவைத்திருந்ததை, உம்மா அன்றுதான் துணிந்து வாய்விட்டுச் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.